முதல் நிறுத்தம் வரை

நவம்பர் 4, திங்கள். நாமக்கல்

ஒன்பது வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோவையில் ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

இதற்குப் பெயர் கொடுப்பது மூன்றாவது முறை. முதல் தடவை இலக்கியாவுக்கு டெங்கு. இரண்டாவது தடவை கம்பெனி என்னை ஒடிசாவுக்கு அனுப்பியது. இந்த முறை பணம் கட்டிய ரசீதை என் கணவர் அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டார். பக்கத்திலேயே இலக்கியா ஒரு அட்டவணை போட்டிருக்கிறாள். மூன்று பத்தி: அம்மா எந்த ஊர், அம்மா எத்தனை கிலோமீட்டர், அப்பா என்ன சமையல். மூன்றாவது பத்தியில் எட்டு இடத்தில் தக்காளி சாதம்.

"ஏம்ப்பா, வேற எதுவும் வராதா?"

"பத்தாம் வகுப்புப் புள்ளைக்கு இதுக்கு மேல யோசிச்சா மண்டை சூடாயிரும், சாப்புடு."

என் கணவர் செங்கோட்டுவேல், அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நாற்பத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்து நான்கு. லாரிகளை ஏற்றி எடை பார்க்கும் எடைமேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. மாதத்தில் பதினைந்து நாள் வெளியூர்.

நவம்பர் 7, வியாழன். ஓசூர்

லாட்ஜ் வாசலில் ஏழு நாய்கள். ஆறு கிலோமீட்டருக்குப் பதில் மாடிப்படி நாற்பது முறை.

நவம்பர் 19, செவ்வாய். திண்டுக்கல்

காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, கைபேசியில் ஓட்டக் கணக்கைத் திறந்தேன். இன்றைய தேதியில் இரண்டு பதிவுகள். ஒன்று என்னுடையது. மற்றொன்று 5.42க்கு, நாமக்கல்லில், எங்கள் தெருவிலிருந்து தொடங்குகிறது. மொத்தம் 1.9 கி.மீ. நடை. 640 மீட்டரில் ஒரு நிறுத்தம், இரண்டு நிமிடம். பிறகு போய்த் திரும்பியிருக்கிறது.

நான் திண்டுக்கல்லில் இருக்கும்போது என் பெயரில் நாமக்கல்லில் நடந்தது யார்?

கல் குவாரி எடைமேடையில் நாள் முழுக்க இதே யோசனை. அங்கே மேடையின் தென்கிழக்கு மூலை அறுபது கிலோ குறைத்துக் காட்டியது. நடுவில் எடைக்கல் வைத்தால் சரியாக இருக்கும், மூலையில் வைத்தால்தான் தெரியும். குவாரிக்காரர் நம்பவில்லை. "போன வருசம் கரெக்டா இருந்துச்சுங்களே மேடம்" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

நவம்பர் 23, சனி. நாமக்கல்

விசாரணை. போன வருடம் வரை நான் கட்டிக்கொண்டிருந்த பழைய வாட்ச் இன்னும் என் கணக்கிலேயே இருக்கிறது. வீட்டு வைஃபை கிடைத்தால் தானாகப் பதிவை ஏற்றிவிடும். ஆக, யாரோ அதைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். மேசை இழுப்பறையில் அது இல்லை.

இலக்கியாவைக் கேட்டேன்.

"அஞ்சே முக்காலுக்கா? நானா? ம்மா, என்னைப் பெத்தது நீதானே?"

அவரைக் கேட்டேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "எங்கியாவது கெடக்கும் கலா. பழைய சாமான் எடுக்கறவன்கிட்டப் போயிருக்கும்."

பழைய சாமான்காரர் எங்கள் வீட்டு வைஃபையில் எப்படிச் சேர்வார்? கேட்கவில்லை. மாலை பதினெட்டு கி.மீ. இடது பாதத்தில் கொப்புளம்.

நவம்பர் 28, வியாழன். பெரம்பலூர்

மறுபடியும். 5.40. முதல் நிறுத்தம் 520 மீட்டர். மூன்று நிமிடம். ஒரு விஷயம் கவனித்தேன்: நான் ஊரில் இருக்கும் நாட்களில் இந்த நடை இல்லை. வெளியூர் போனால்தான் இருக்கிறது.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிற்கிற இடம் ரேஷன் கடைத் திருப்பம். அங்கே பெஞ்சு கிடையாது, டீக்கடை கிடையாது. கடைக்கு வெளியே ஒரு சிமெண்டுக் கட்டை மட்டும் உண்டு. எதற்கு நிற்க வேண்டும்?

டிசம்பர் 5, வியாழன். திருச்சி

முதல் நிறுத்தம் 410. இரண்டாவது 700. மொத்தம் 1.1 கி.மீ. மட்டும். நிறுத்தங்கள் வெவ்வேறு இடங்கள், அதனால் யாரையும் பார்க்கப் போகும் நடை அல்ல. கைபேசிக் கடையில் விசாரித்தேன். பழைய வாட்ச்சில் உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்தால் இப்படி விட்டுவிட்டுப் பதியும் என்றார்கள். இருக்கலாம்.

அரையாண்டுத் தேர்வுக்கு இலக்கியா புது ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டாள். வாங்கியாயிற்று.

டிசம்பர் 8, ஞாயிறு. நாமக்கல்

இருபத்தாறு கி.மீ. கடைசி நான்கில் கால் என்னுடையதாக இல்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது. எப்போதும் அவரே தோளில் வைத்து மாடிக்கு ஏற்றுவார். இன்று சிலிண்டர்காரரையே மேலே கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேட்மிண்டனுக்கும் போகவில்லை. முட்டி வலியாம்.

"எந்த முட்டிங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு "வலது" என்றார். மதியம் இடது முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தப்பாகத் தேய்த்தாரோ, நான் தப்பாகக் கேட்டேனோ.

டிசம்பர் 12, வியாழன். ராஜபாளையம்

முதல் நிறுத்தம் 260. இன்று இதயத் துடிப்பையும் திறந்து பார்த்தேன். நடக்கும் வேகம் ஒரு கிலோமீட்டருக்குப் பதினாறு நிமிடம். அதாவது கடை வீதியில் வேடிக்கை பார்த்துப் போகிற வேகம். துடிப்பு 128. நான் ஓடும்போதே எனக்கு 140தான் வரும். வேடிக்கை பார்க்கிறவருக்கு 128 எப்படி?

எங்கள் வேலையில் முதல் பாடம்: எண் விசித்திரமாக இருந்தால், சரக்கைச் சந்தேகிக்காதே, கருவியைச் சந்தேகி. பத்தொன்பது வருடத்தில் இது என்னைக் கைவிட்டதில்லை.

எனவே: கருவிக் கோளாறு. அந்த வாட்ச்சின் பதிவுகளை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். அவை என் வாராந்தரக் கூட்டலையும் குழப்புகின்றன. எதை நீக்கினாலும் குறித்துக்கொண்டு நீக்குவது பழக்கம், எண்கள் இந்த நோட்டில் இருக்கின்றன.

டிசம்பர் 15, ஞாயிறு. நாமக்கல்

அலமாரியில் அவருடைய வேதியியல் கையேடுகளைத் தூசி தட்டும்போது, பின்னால் பழைய வாட்ச் சார்ஜில் இருந்தது.

இரண்டையும் கட்டிக்கொண்டு ஐந்து கி.மீ. ஓடினேன். இடது கையில் புதியது, வலது கையில் பழையது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒப்பிட்டேன். தூரத்தில் ஐந்து மீட்டர் வித்தியாசம். துடிப்பில் ஒன்று, இரண்டு. கருவி சரியாக இருக்கிறது.

பழைய வாட்ச்சை எடுத்த இடத்திலேயே, ஒயர் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே வைத்துவிட்டேன்.

இட்லி மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். இலக்கியாவின் சீருடைக்கு ஒரு பொத்தான். செவ்வாய் முதல் விருதுநகர்.

டிசம்பர் 18, புதன். விருதுநகர்

180. பத்து கி.மீ. ஓட்டம். நல்ல காற்று.

டிசம்பர் 21, சனி. நாமக்கல்

முப்பத்திரண்டு. ஓட்டத்துக்கு முன் ஓடும் மிக நீண்ட தூரம் இதுதான். இனிமேல் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

அவர் ஸ்கூட்டரில் கூடவே வந்தார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னால் போய் நின்று, உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் வாழைப்பழத் துண்டும் நீட்டினார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே "இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

இருபத்தெட்டில் நான் நடக்க ஆரம்பித்தேன்.

"என்ன, அவ்வளவுதானா? எங்க பத்தாம் கிளாஸ் பசங்க தேவலை."

"நீங்க எறங்கி ஒரு கிலோமீட்டர் வாங்க பாக்கலாம்."

சிரித்தார். "நான் ஓடுனா நீ தோத்துருவ, பாவம்னு விட்டிருக்கேன்."

அப்போது கேட்டிருக்கலாம். ரோட்டில் வேறு யாருமில்லை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் ஓடினேன். முப்பத்திரண்டும் முடித்தேன். 4 மணி 1 நிமிடம்.

டிசம்பர் 23, திங்கள். அரியலூர். பிறகு நாமக்கல்

இதை இரவு ஒன்பதுக்கு மருத்துவமனை நாற்காலியில் எழுதுகிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று மாலையே அரியலூர் வந்துவிட்டேன். காலை 7.20. சிமெண்ட் ஆலை எடைமேடை. வடக்கு மூலைகள் இரண்டும் முடிந்தன. தெற்கு மூலையில் எடைக்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பதினோரு லாரி காத்திருந்தது. கைபேசியைத் திறந்தேன். 5.51க்குத் தொடங்கிய பதிவு. 90 மீட்டர். அதற்கப்புறம் பதினான்கு நிமிடம் ஒரே இடம். பிறகு திரும்பி 90 மீட்டர், ஆறு நிமிடத்தில்.

90 மீட்டர் என்பது எங்கள் தெருமுனை கூட இல்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். மூன்றாவது தடவை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். இன்னைக்குக் கடைசிப் பரீட்சை, கெளம்பணும். என்ன இந்நேரத்துல?"

"காலையில எங்க நின்னீங்க? பதினாலு நிமிசம்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பேச்சுக்கு நடுவில் மூச்சு விடுகிறவர் அல்ல அவர். நாற்பது நிமிடப் பாடத்தை ஒரே மூச்சில் எடுப்பவர்.

"நிமிசக் கணக்கு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"உக்காருங்க. பள்ளிக்கூடம் போக வேண்டாம். படி எறங்க வேண்டாம். இலக்கியாவைப் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க."

"அவளுக்குப் பரீட்சை கலா."

அவளைப் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தேன். எதிர்வீட்டு சரசக்காவுக்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவருடன் உட்காரச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்கும் நானே சொன்னேன்.

ஆலை மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "மேடம், பாதியில விட்டுட்டுப் போனா எப்படிங்க? லாரி பூரா நிக்குது பாருங்க."

"நிக்கட்டும்" என்றேன். பாதி அடுக்கிய எடைக்கற்களுடன் ஒரு மேடையை விட்டு வந்தது இதுவே முதல் தடவை. வாடகைக் காரில் இரண்டே முக்கால் மணி நேரம். அவரும் சரசக்காவும் அவசரப் பிரிவில் இருந்தார்கள். அவருக்கு மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் "நாளைக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கே உனக்கு" என்றார்.

இதய மருத்துவர் கோப்பைப் புரட்டினார். கோப்பு பழையது. நவம்பர் 16 தேதி போட்டிருந்தது.

"போன மாசமே வந்து பார்த்தாரே. ஆஞ்சியோ உடனே எடுக்கணும்னு எழுதிக் குடுத்தேன். வீட்டுல விசேஷம், ஜனவரி அஞ்சாந்தேதி முடியட்டும்னாரு. கல்யாணம் யாருக்கும்மா, பொண்ணுக்கா?"

"இல்லைங்க டாக்டர். நான் ஓடறேன்" என்றேன். அவர் என்னையும் என் காலணியையும் பார்த்தார்.

பிறகு என் கணவரிடம் கேட்டார்: "வலி எப்ப இருந்து அதிகமாச்சு? முன்னாடி எவ்வளவு தூரம் நடந்தா வரும்?"

"அதெல்லாம் அப்படியேதானுங்க இருக்கு. பெருசா ஒண்ணும் வித்தியாசமில்லை" என்றார் அவர்.

நான் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். தேதி சொல்லிப் படித்தேன். நவம்பர் 19, 640 மீட்டர். நவம்பர் 28, 520. டிசம்பர் 5, 410. டிசம்பர் 12, 260, துடிப்பு 128. டிசம்பர் 18, 180. இன்று, 90.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "இதை யார் குறிச்சது?"

"நான்தான்."

"ஒவ்வொரு வாரமும் குறைஞ்சுகிட்டே வருது பாருங்க. இது காத்திருக்கிற கேஸ் இல்லை. இன்னைக்கே செய்யறோம்."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகக் குறித்தவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம்.

மாலை 4.10க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 5.35க்கு வெளியே. இரண்டு இடத்தில் அடைப்பு, ஒன்று தொண்ணூற்றைந்து சதவீதம். இரண்டு ஸ்டென்ட்.

பரீட்சை எழுதிவிட்டு நேராக இங்கே வந்த இலக்கியா என் மேல் சாய்ந்து தூங்குகிறாள். சமூக அறிவியல். நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

டிசம்பர் 27, வெள்ளி. நாமக்கல்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை ஐந்து வகை. இலக்கியா குளிர்சாதனப் பெட்டி அட்டவணையில் மூன்றாவது பத்தியை அடித்துவிட்டு, 'அப்பா மாத்திரை' என்று எழுதியிருக்கிறாள். தக்காளி சாதம் நான் வைத்தேன். அவருடையது போல் வரவில்லை என்று இருவரும் சொன்னார்கள்.

கம்பெனியில் மூன்று மாதத்துக்கு வெளியூர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அரியலூர் மேடையை வேறொருவர் முடித்தாராம். தெற்கு மூலை சரியாக இருந்ததாம்.

டிசம்பர் 31, செவ்வாய்

சண்டை. கோவைக்கு நான் போகவில்லை என்று சொன்னேன்.

"சரசக்கா இருக்காங்க, இலக்கியாவுக்கு லீவு. ஒரு நாள் போயிட்டு வர்றதுக்கு என்ன?"

"உங்களை விட்டுட்டு நான் போகலைங்க."

"அப்ப நான் அஞ்சு வாரம் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தது, நீ இல்லாத நாளாப் பாத்து வாட்சைக் கட்டிக்கிட்டு எவ்வளவு தூரம் தாங்குதுன்னு நடந்து பாத்தது, எல்லாம் எதுக்கு?" குரல் ஏறியது. துடிப்பும் ஏறிவிடுமோ என்று நான் பயந்தேன். "சொன்னா நீ நிறுத்திருவேன்னுதானே சொல்லலை. ரெண்டு தடவை நிறுத்துன. மூணாவது தடவை என்னாலன்னு ஆகக்கூடாதுன்னுதானே."

"யாரு கேட்டா உங்களை?"

"நீ கேக்கலை. அதான் நானாப் பண்ணேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. 'நீ கேக்கலை' என்றபோது அவர் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததைத்தான் சொல்கிறாரா, வேறெதையாவது சொல்கிறாரா என்று புரியவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

மருத்துவர் சமதரையில் பத்து நிமிடம் நடக்கலாம் என்றார். இருவரும் நடந்தோம். நிற்கவில்லை. பேசவும் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன். அவரும் விழித்துத்தான் இருந்தார். சமையலறையில் காப்பி போட்டேன். அவருக்குச் சர்க்கரை இல்லாமல். கோவையில் ஓட்டம் தொடங்கியிருக்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு." ஐந்து நாளில் எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை.

"எனக்கு இருபத்து மூணாந்தேதிதான் தெரிஞ்சுதுன்னு நீங்க நெனைச்சுட்டிருக்கீங்க. இல்லைங்க. அதுக்கு முன்னாடியே தெரியும். பதினஞ்சாந்தேதி ஞாயித்துக்கிழமை. வாட்சைப் பாத்தேன், சோதிச்சேன், அது சரியாத்தான் இருந்துச்சு. அப்ப யாரோட நெஞ்சு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"எட்டு நாள்" என்றேன். "கேட்டா ஓட்டம் போயிரும்னு கேக்கலை. வேற காரணம் ஒண்ணுமில்லை."

பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் கலா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீ ரெண்டு கையிலயும் வாட்ச் கட்டிக்கிட்டுக் கீழ போன. மாடியில இருந்து பாத்தேன். சரி, மாட்டிக்கிட்டோம், வந்ததும் கேப்பான்னு துண்டைக்கூட எடுக்காம உக்காந்திருந்தேன். உண்மையைச் சொல்றேன், கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. நீ வந்த. மாவு அரைக்கக் குடுக்கணும்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்ட."

அடுப்பை அணைத்தேன். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

"நான் மறைச்சேன், நீ கேக்கலை" என்றார். "ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம். உன்மேல மட்டும் ஏறி உக்கார எனக்கு யோக்கியதை இல்லை."

காப்பி ஆறிவிட்டது. அவர் எழுந்து வாசல் வரை போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார்.

"ஏ கலா."

"என்னங்க?"

"ஒண்ணும் பெருசா இல்லை." நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். "இல்ல, இருக்கு. விடியக் காலையில இருந்து இடது தோள்ல ஒரு வலி. நீ பயந்துக்குவியேன்னு..." மறுபடியும் நிறுத்தினார். "வலிக்குது. பயமா இருக்கு."

கார் சாவியை எடுத்தேன். இலக்கியாவை எழுப்பினேன். 6.05க்குக் கிளம்பி 6.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். பணியில் இருந்தது சின்ன வயது மருத்துவர் ஒருவர். எல்லாம் சரியாக இருக்கிறது, ராத்திரி ஒரே பக்கமாகப் படுத்ததில் தசை பிடித்திருக்கிறது என்றார்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இதுக்குப் போயி உங்க ஞாயித்துக்கிழமையைக் கெடுத்துட்டனுங்க" என்று மருத்துவரிடம் இரண்டு தடவை சொன்னார். செவிலியரிடமும் சொன்னார். இலக்கியா வேறு, "அப்பா, இதுக்கு நான் பைஜாமாவோட வந்திருக்கேன்" என்றாள்.

நான் வெட்கப்படவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.